பட்டனை விடுங்கள் அப்பா!

ஆனி மாதம். ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்த தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவிக்கொண்டிருக்கிறது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் காருக்குத் திரும்புகிறது. காலையில் வண்டி ஓட்டி வந்தது அக்கா. இப்போது அப்பா ஓட்டப்போகிறார். அக்காவின் உயரத்துக்குத் தக்கபடி சீட் முன்னால் தள்ளியிருக்கிறது. அப்பா ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டுகிறது. சீட்டின் பக்கவாட்டில் உள்ள பட்டனைப் பின்பக்கமாகத் தள்ளுகிறார். வழக்கமாக 'உய்ங்' என்று பின்னால் போகும் சீட் இன்று அசையவில்லை. அப்பா விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்.

உடனே அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு, முதலில் சீட்டுக்கு அடியில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுவோம்.

சீட்டின் கீழே இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளங்கள் இருக்கும். சாதாரண காரில் ஒரு கம்பியைத் தூக்கினால் கொக்கி விடுபடும். உட்கார்ந்தபடியே காலால் உந்தி சீட்டைத் தள்ளிக்கொள்ளலாம். பவர் சீட்டில் அந்த வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. உங்கள் கைமுஷ்டி அளவுதான் இருக்கும். கார் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் மேலே உட்கார்ந்திருந்தாலும் அவரையும் சேர்த்து நகர்த்திவிடுகிறது. இத்தனை சின்ன மோட்டாருக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது?

அதன் வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்துக்கு ஈடாகப் பலத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மோட்டார் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டி அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, நொடிக்கு 5 சுற்று ஆக்குகிறது. அந்த 5 சுற்று, தண்டவாளத்தின் உள்ளே நீளமாகக் கிடக்கும் திருகுத்தண்டுக்குப் போகிறது. தண்டு ஒரு சுற்று சுற்றினால் அதைக் கவ்வியிருக்கும் நட்டு 3 மில்லிமீட்டர் நகரும். அப்படியானால் சீட் நொடிக்கு 15 மில்லிமீட்டர் போகும். 24 சென்டிமீட்டர் போக 16 நொடி. மோட்டார் 800 சுற்று சுற்றி முடிக்கும்போது சீட் ஒரு சாண் தூரத்தைவிடச் சற்று அதிகம்தான் போயிருக்கும். வேகமாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை என்பதால் இந்தப் பண்டமாற்றில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரத்தை மெக்கானிக்குகள் வார்ம் கியர் என்பார்கள். திருகாணி போன்ற ஒரு சின்னத் தண்டு, அதன் மரையில் பல் பதித்துச் சுழலும் ஒரு சக்கரம். திருகாணி ஒரு முழுச் சுற்று போனால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். இது கார் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மரச்சாதனத்தில், எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளை இணைக்க இதே திருகுப் பல்லை மரத்திலேயே செதுக்கி, நம் நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

வார்ம் கியருக்கு இன்னொரு குணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. திருகாணி சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் சக்கரம் திருகாணியைச் சுழற்ற முடியாது. மரையின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால் உராய்வு அதைப் பிடித்துக்கொள்கிறது. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் போகும்போது அப்பா சட்டென்று பிரேக் போட்டாலும் பவர் சீட் முன்னால் வழுக்கிப் போவதில்லை. பெரும்பாலான பவர் சீட்டுகளில் கொக்கியே இல்லை. திருகின் சரிவும் உராய்வும்தான் பூட்டு.

சரி, ஐந்தருவி வாசலுக்குத் திரும்புவோம். பட்டனை அழுத்தியும் சீட் நகரவில்லை. இப்போது முதலில் செய்ய வேண்டியது காது கொடுத்துக் கேட்பது. ரேடியோவை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அப்பாவை ஒரே ஒரு நொடி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, சீட் மட்டும் நகரவில்லை என்றால் மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் தேய்ந்து வழுக்கலாம். அல்லது மோட்டாரிலிருந்து இரு பக்கத் தண்டவாளங்களுக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும் கேபிள் கழன்றிருக்கலாம். பழைய ஸ்கூட்டர்களில் முன்சக்கரத்திலிருந்து ஸ்பீடாமீட்டருக்குப் போகுமே, அந்த வகைக் கேபிள்தான் இது. ஒரு பக்கக் கேபிள் மட்டும் கழன்றால் இன்னும் சங்கடம். ஒரு தண்டவாளம் நகர, மற்றது அப்படியே நிற்க, ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்த மர மேசையின் டிராயர் போல சீட் கோணலாகச் சிக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்பவர் கேபிளை மாட்டினால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

சத்தமே இல்லை என்றால் மின்சாரத்தின் பாதையைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

'ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் கேட்கிறது. பட்டனை அழுத்தும்போதெல்லாம் காருக்குள் எரியும் விளக்கு சற்று மங்குகிறது. இதுதான் நான் சொல்ல வந்த இடம். மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் அதனால் சுற்ற முடியவில்லை. தண்டவாளத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. குற்றாலச் சீசனில் அது என்னவாகவும் இருக்கலாம்: ரம்புட்டான் கொட்டை, உருண்டு போன ஐந்து ரூபாய் நாணயம், சீப்பு, தண்ணீர் பாட்டில் மூடி. தண்டவாளத்தில் போட்ட கிரீஸ் பழசாகி, மணலும் தூசியும் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தாலும் இதேதான் நடக்கும்.

சுற்றாமல் நிற்கும் மோட்டார் சும்மாதானே இருக்கிறது, அது மின்சாரத்தைக் குறைவாகத்தானே எடுக்கும் என்று நமக்குத் தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர். நின்றுபோன மோட்டார்தான் மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

பொம்மைக் காரில் இருக்குமே, அந்தச் சின்ன மோட்டார் ஒன்று, வரிசையாக இணைத்த மூன்று பென்சில் செல், டார்ச் லைட்டில் போடும் 3.8 வோல்ட் பல்பு ஒன்று. உள்ளே கம்பியிழை உள்ள பழைய வகை பல்பாக இருக்க வேண்டும். செல்லின் பிளஸ் முனையிலிருந்து பல்பு, பல்பிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து மறுபடி செல்லின் மைனஸ் என்று ஒரே வளையமாக ஒயர்களை முறுக்கி இணையுங்கள். மோட்டார் தயங்கினால் அச்சை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிடுங்கள். மோட்டார் வேகமாகச் சுற்றும்போது பல்பு மங்கலாக, சிவப்பாகத்தான் எரியும். இப்போது அச்சை இரண்டு விரலால் மெல்லப் பிடியுங்கள். வேகம் குறையக் குறைய பல்பின் வெளிச்சம் கூடும். அச்சு முழுவதும் நின்றதும் பளிச்சென்று எரியும். விரலை எடுத்தால் மறுபடி மங்கும். பல்பில் கூடுதல் வெளிச்சம் என்றால் அந்த வளையத்தில் கூடுதல் மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம்.

காரணத்தை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த ஒன்றிலிருந்து புரிந்துகொள்ளலாம். காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பிச்சுருளை அசைத்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மோட்டாருக்குள் என்ன இருக்கிறது? காந்தமும், அதன் நடுவில் சுழலும் கம்பிச்சுருளும்தான். ஆகவே ஓடுகிற ஒவ்வொரு மோட்டாரும், ஓடிக்கொண்டே ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே இயந்திரம்தான் என்பது 1873-இல் வியன்னா பொருட்காட்சியில் பலருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. ஸெனோப் கிராம் என்பவர் செய்த டைனமோ ஒன்றை ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவோடு இணைத்தபோது, அது மோட்டாராகச் சுழன்றது.

ஓடும் மோட்டாருக்குள் பிறக்கும் இந்த மின்னழுத்தம் பேட்டரியை எதிர்த்துத் தள்ளுகிறது. எதிர்க்க வேண்டும் என்பதை 1834-இல் ரஷ்யாவில் இருந்த ஹைன்ரிக் லென்ஸ் விதியாகவே சொன்னார். மறுபடி ஒரு கணக்கு. சீட் மோட்டாரின் கம்பிச்சுருளுக்கு 0.6 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். சீராக ஓடும்போது உள்ளே 9 வோல்ட் எதிர் மின்னழுத்தம் பிறக்கிறது. பேட்டரியின் 12-இல் 9 போக மீதி 3 வோல்ட்தான் மின்சாரத்தை ஓட்டுகிறது. 3-ஐ 0.6-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். இப்போது ரம்புட்டான் கொட்டை வழிமறித்து மோட்டார் நின்றுவிட்டது. சுழற்சி இல்லை, எதிர்ப்பும் இல்லை. முழு 12 வோல்ட்டும் அந்த 0.6 ஓம் மேல் பாய்கிறது: 20 ஆம்பியர்!

மின்சாரம் நான்கு மடங்கு ஆனால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கோடு நிற்பதில்லை. ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, தடையாலும் பெருக்க வேண்டும். 5 ஆம்பியருக்கு 15 வாட் வெப்பம். 20 ஆம்பியருக்கு 240 வாட். பதினாறு மடங்கு. அச்சு சுழலாததால் அந்த 240 வாட்டில் ஒரு துளிகூட சீட்டை நகர்த்தப் போவதில்லை, அத்தனையும் வெப்பம். முஷ்டி அளவு மோட்டாரின் உள்ளே, மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே காப்பாக இருக்கும் செம்புக் கம்பிகளில். அப்பா பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் இது நடக்கிறது. கொட்டையை எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை, மோட்டாரே கருகிப்போகிற பிரச்சினையாக மாறிவிடும்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் பல மோட்டார்களுக்குள் ஒரு காவலாளியை வைத்திருக்கிறார்கள். சூடேறினால் தானாக மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆறியதும் தானாக மறுபடி விடும் சின்னப் பொருள் அது. 'கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், தானாகச் சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் அநேகமாக இந்தக் காவலாளியின் வேலைதான். சீட் சரியாகவில்லை, மோட்டார் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். தடங்கல் இன்னும் உள்ளேயே இருக்கும்.

அடுத்த காவலாளி ஃபியூஸ். ஸ்டியரிங்குக்குக் கீழே அல்லது பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வண்ண வண்ணமாக இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சீட்டுக்குப் பெரும்பாலும் பச்சை போன்ற பெரிய ஃபியூஸாக இருக்கும். உள்ளே தெரியும் உலோகப் பாலம் அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது. அந்த இடத்தில் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். அவசரத்துக்கு ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களை. ஃபியூஸ் உருகவில்லை என்றால் ஒயர் உருகும்.

இனி, சத்தமே வராத சீட். இங்கேதான் குற்றாலத்தின் ஈரம் வருகிறது. அருவியில் நனைந்த உடையோடு, துண்டை மட்டும் சீட்டில் விரித்து, ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். சொட்டும் தண்ணீர் கார்ப்பெட்டில் இறங்கி அடியில் உள்ள பஞ்சில் தேங்குகிறது. மேலே காய்ந்தாலும் அடியில் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். சீட்டின் ஒயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பு, பட்டறைகளில் கப்ளர் என்பார்கள், இருப்பதும் அதே தரையை ஒட்டித்தான்.

தென்காசியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறையில் அப்படி ஒரு கப்ளரைக் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி கேரளப் பதிவெண். வண்டிக்காரரின் மகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, பட்டனை அமுக்கு. சத்தம் கேக்கா?" என்றார் அவர்.

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப கரண்டுதான் வரல."

சீட்டுக்கு அடியிலிருந்து கப்ளரை இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் பழுப்பாகி, லேசாக உருகியிருந்தது. அந்த மூலையில் உள்ள முள்ளில் பச்சைக் களிம்பு. செம்புக் குடத்தைத் துலக்காமல் விட்டால் ஏறும் அதே களிம்புதான். செம்போடு காற்றின் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து உண்டாவது. ஆனால் எல்லா முட்களும் ஒரே ஈரத்தில்தானே இருந்தன, ஏன் ஒன்று மட்டும்? அந்த முள்ளில்தான் வண்டி நின்றாலும் பேட்டரியின் பிளஸ் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். ஈரம் வழியாக அங்கிருந்து பக்கத்து எர்த் முள்ளுக்குத் துளித்துளியாக மின்சாரம் கசியும்போது, பிளஸ் பக்கத்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நகைக்கு முலாம் பூசும் தொட்டியில் நடப்பதும் இதே வேதியியல்தான்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் மிகவும் ரசித்தேன். கப்ளரை மறுபடி மாட்டிவிட்டு, டிஜிட்டல் மீட்டரின் முனையை அந்த முள்ளின் மறுபக்கம், சீட்டுக்குள் போகும் ஒயரில் வைத்தார். 12 வோல்ட் காட்டியது. பாப்பாவின் அப்பா, "கரண்ட் வருதே?" என்றார். அண்ணாச்சி பதில் சொல்லாமல் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர். ஒன்றை வண்டியின் இரும்பில் கவ்விவிட்டு, மற்றதை அதே இடத்தில் வைத்தார். பல்பு எரியவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது தனக்கென்று எடுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு, ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போல. அவ்வளவு கொஞ்சம் ஓடும்போது களிம்பின் தடையில் வோல்ட் எதுவும் விழாது; முழு 12-உம் வந்து சேரும். பல்பு கேட்பது அதைப்போல லட்சக்கணக்கான மடங்கு. அதைக் களிம்பால் கொடுக்க முடியாது. மோட்டார் பல்பைவிடவும் அதிகம் கேட்கும். வேலை வாங்கும்போது வோல்ட் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பழுப்புத் தழும்பும் இப்போது விளங்கும். களிம்பு முழுதாக மூடுவதற்கு முன், அங்கே அரை ஓம் தடை மட்டும் இருந்த நாட்களில், 5 ஆம்பியர் ஓடியபோதெல்லாம் 2.5 வோல்ட் அந்த முள்ளிலேயே செலவானது. 12.5 வாட் வெப்பம், ஒரு மெல்லிய முள்ளின் மேல். சீட் வரவர மெதுவாகப் போனதாக அந்த வீட்டார் சொன்னதும் அதனால்தான்.

பட்டனைப் பற்றியும் கொஞ்சம். சீட்டை முன்னால் தள்ளவும் பின்னால் இழுக்கவும் மோட்டார் ஒன்றுதான். பட்டன் செய்வதெல்லாம் அதற்குப் போகும் பிளஸையும் மைனஸையும் இடம் மாற்றுவது. முன்னால் போகிறது, பின்னால் வரமாட்டேன் என்கிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், பட்டனுக்குள் இருக்கும் தகடுகளைச் சந்தேகப்படுங்கள். முன்பின் நகர்கிறது, உயரம் மட்டும் ஏறவில்லை என்றால் ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உயரத்துக்கான தனி மோட்டாரைப் பாருங்கள். எது வேலை செய்கிறது என்று கேட்டாலே பாதி இடங்களைத் தேடாமல் விட்டுவிடலாம்.

யார் எந்த நிலையில் உட்கார்வார் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் சீட்டுகளும் உண்டு. 1957-இல் அமெரிக்காவில் வந்த கடிலாக் எல்டொராடோ புரோகம் காரிலேயே அது இருந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒரு காந்த உணரி எண்ணிக்கொண்டே இருக்கிறது. அக்காவுக்கு ஒரு எண், அப்பாவுக்கு ஒரு எண்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சீட் நகரும்போது தண்டவாளத்துக்குள் விரல் போகக்கூடாது. அந்த மோட்டாருக்கு உங்கள் விரலும் ரம்புட்டான் கொட்டையும் ஒன்றுதான். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் தொடவே தொடாதீர்கள். அது ஏர்பேக்குக்கும், விபத்தின்போது பெல்ட்டை இறுக்கும் சாதனத்துக்கும் போகிற ஒயர். பயிற்சி பெற்றவர்கள்கூட பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்துதான் அதில் கை வைப்பார்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதும், சத்தத்தைக் கேட்டுச் சொல்வதும் உங்கள் வேலை. கழற்றுவது பட்டறைக்காரர் வேலை.

கையில் அந்தப் பொம்மை மோட்டார் இன்னும் இருக்கிறது அல்லவா? ஓடும் மோட்டார் பேட்டரியை எதிர்த்துத் தள்ளுகிறது என்று சொன்னேன். அதையும் கண்ணால் பார்த்துவிடலாம். செல்லின் பிளஸ், மோட்டாரின் எந்த ஒயருக்குப் போகிறது என்று ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அச்சு எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்றும் பாருங்கள். பிறகு செல்லையும் பல்பையும் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரண்டு ஒயர்களில் ஒரு சிவப்பு எல்.இ.டி. மட்டும் இணையுங்கள். அச்சில் ஒரு முழம் தையல் நூலைச் சுற்றி, அது முன்பு சுழன்ற அதே பக்கமாகச் சுழலும்படி சட்டென்று இழுங்கள். எல்.இ.டி. மின்னாவிட்டால் அதன் கால்களை மாற்றிப் போட்டு மறுபடி இழுங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் பக்கம் இருந்தால்தான் எரியும். அது மின்னும்போது நீளக்கால் எந்த ஒயரில் இருக்கிறது? பொட்டு வைத்த ஒயரில்! செல்லின் பிளஸ் எங்கே தொட்டதோ, அங்கேயே மோட்டாரும் தன் பிளஸை உண்டாக்கியிருக்கிறது.